நாலு எலுமிச்சம்பழம்

கச்சிராயபாளையத்தில் நான் இறங்கியபோது வெள்ளிமலை பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "வரும்" என்றார். கல்வராயன் மலையடிவாரத்தில் இதைவிடத் திட்டமான பதில் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தேன்.

எதிரே ஒரு சின்னச் சரக்கு வண்டி நின்றது. சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு வாலிபர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். என் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "மேலயா? ஏறுங்கய்யா. பாதி மலை வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். மீதி அவங்க இஷ்டம்" என்றார்.

"யார் இஷ்டம், தம்பி?"

"கம்பெனிக்காரங்க இஷ்டம்!"

அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருந்தது. வண்டி மலையேறத் தொடங்கியதும் கதையும் வெளியே வந்தது. மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் புளியும் மலையிலிருந்து இறக்குவது அவர் தொழில். 2021-ல் கடன் வாங்கி, வேறொரு ஜில்லாவில் இருந்த ஷோரூமில், நாலு லட்சத்துச் சொச்சத்துக்குப் புது வண்டி எடுத்தார். "நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கித்தான்யா எடுத்தேன். பூசணிக்காகூட உடைச்சேன்." ஆனால் மூன்றாவது வாரமே மலைப்பாதையில் என்ஜின் கொதித்தது. ஷோரூமுக்குக் கொண்டுபோனார். சரிசெய்து கொடுத்தார்கள். மறுபடி கொதித்தது. ஆறு மாதத்தில் ஐந்து தடவை. கடைசியில், "மலையிலே ஓட்டினால் அப்படித்தான். ஓட்டுகிற விதம் சரியில்லை" என்று சொல்லிவிட்டார்கள். வண்டி நின்ற நாட்களிலும் கடன் தவணை நிற்கவில்லை.

எலுமிச்சம்பழம் என்றதும் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நாம் கண் திருஷ்டி கழியப் புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கிறோம். அமெரிக்காவிலோ, ஓயாமல் பழுதாகும் காருக்கே 'எலுமிச்சம்பழம்' என்றுதான் பெயர். அப்படிப்பட்ட காரை விற்ற கம்பெனி, சரிசெய்ய முடியாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கனெக்டிகட் ராஜ்யத்தில் 1982-ல் சட்டம் செய்தார்கள். அதற்கு 'எலுமிச்சைச் சட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் பழம் உண்டு. அந்தப் பெயரில் சட்டம் இல்லை.

"அப்புறம் என்ன செய்தீர்கள், தம்பி?"

"எங்க பள்ளிக்கூடத்து சார் ஒருத்தர் பிராது எழுதிக் கொடுத்தாரு. நுகர்வோர் கோர்ட்டுல போட்டேன். அஞ்சு லட்சத்துக்குள்ள வாங்கின சாமானுக்கு பீஸே கெடையாதாம். ஆனா கம்பெனி வக்கீல் வந்து மூணு கேள்வி கேட்டாருங்க. அப்பதான் எனக்குத் தலை சுத்திடுச்சு."

அந்த மூன்று கேள்விகள் அவருக்குத் தலைசுற்றலைத் தந்தன. எனக்கு வீடு திரும்பியதும் பல நாள் வேலையைத் தந்தன. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

முதல் கேள்வி: "வண்டி வைத்துச் சம்பாதிக்கிறவர் வியாபாரி. அவர் எப்படி நுகர்வோர் ஆவார்?"

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24-ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றது. அந்தத் தேதிதான் இன்றும் தேசிய நுகர்வோர் தினம். விற்பதற்காகவோ வர்த்தக நோக்கத்துக்காகவோ வாங்கினவர் நுகர்வோர் அல்ல என்று அதில் ஒரு வரி இருந்தது. பெரிய ஆலை முதலாளிகளை விலக்கி வைக்க எழுதிய வரி அது. ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவரும் தையல் இயந்திரம் வைத்திருப்பவரும் அதே வரியில் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே 1993-ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வர்த்தக நோக்கத்தில் சேராது.

அந்த விளக்கத்தின் எல்லையை 1995-ல் உச்ச நீதிமன்றம் வரைந்து காட்டியது. அந்த வழக்கில் எதிர்க்கட்சி நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், வழக்காடியது லட்சுமி என்ஜினீயரிங் என்ற நிறுவனம். இயந்திரம் வாங்கியது பெரிய அளவில் தொழில் நடத்தத்தான் என்று அந்த நிறுவனத்துக்குப் பாதகமாகத் தீர்ப்பாயிற்று. ஆனால் தோற்ற அந்த வழக்கில்தான் ஏழைகளுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ காரோ லாரியோ வாங்கினவர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று நீதிபதிகள் உதாரணம் காட்டி எழுதிவிட்டார்கள். நம் கல்வராயன் மலை வாலிபருக்கு அந்த உதாரணம் அப்படியே பொருந்தியது. முதல் கேள்வி விழுந்தது.

இரண்டாவது கேள்வி: "ஷோரூம் ஒரு ஜில்லாவில், கம்பெனி வேறு ராஜ்யத்தில். இங்கே எப்படி வழக்குப் போடலாம்?"

இதைக் கேட்டதும் எனக்கு மலையின் பழைய கதை நினைவு வந்தது. கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தார் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். ஆனால் நெடுங்காலம் அவர்களை ஆண்டவர்கள் மூன்று ஜாகீர்தார்கள். நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்த பிறகும் மலையில் ஜாகீர் ஆட்சி தொடர்ந்தது. வரி ஜாகீர்தாருக்கு; கூலியில்லாத உழைப்பும் அவருக்கே. 1976-ல்தான் அது ஒழிந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே வருஷம். உத்தரவு போடுகிறவரிடமே குறையையும் சொல்ல வேண்டியிருந்தால், குறை வாயிலிருந்து வெளியே வருமா?

சமவெளியிலும் நீதி அருகில் இல்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய பட்டணங்களில் சிறு தொகை வழக்குகளைச் சுருக்கமாகத் தீர்க்க 1850-லேயே ஸ்மால்காஸ் கோர்ட்டுக்குச் சட்டம் வந்தது. 1882-ல் அதைத் திருத்தி அமைத்தார்கள். 1887-ல் மற்ற ஊர்களுக்கும் தனிச் சட்டம் செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கும் பிரதிவாதி இருக்கும் இடத்தையோ விவகாரம் பிறந்த இடத்தையோ தேடித்தான் வழக்காடுபவர் போக வேண்டும். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. கலெக்டரைப் பார்ப்பதென்றாலும் கடலூர். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டமாயிற்று. மலையிலிருந்து சர்க்கார் இருக்கும் தூரம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

1986-ஆம் வருஷத்துச் சட்டமும் பழைய வழியையே பின்பற்றியது. எதிர்க்கட்சி இருக்கும் இடம், அல்லது விவகாரம் பிறந்த இடம். வண்டி கெட்டு நிற்கிறவன்தான் ஊர் ஊராகப் போக வேண்டும். இதை மாற்றியது 2019-ஆம் வருஷத்துப் புதிய சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது: மனுதாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடவேண்டிய செய்தி அது என்பது என் அபிப்பிராயம். வாங்கினவனைத் தேடிக் கம்பெனி வரவேண்டும்! நூற்று எழுபது வருஷமாக ஒரு பக்கமே நடந்துகொண்டிருந்த கால்கள் முதல் முறையாக மறுபக்கம் திரும்பின.

இரண்டாவது கேள்வியும் விழுந்தது. மூன்றாவதுதான் கடினம்: "வண்டி தயாரிப்பிலேயே குறை என்பதற்கு என்ன சாட்சி?"

'வாங்குகிறவனே, விழித்திரு' என்பது இங்கிலீஷ்காரர்களின் பழைய சட்டவாக்கு. 1930-ல் நமக்கு வந்த பொருள் விற்பனைச் சட்டமும் பெரும்பாலும் அதன்மேல் நின்றதுதான். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தையைக் கண்டுபிடிக்கலாம். என்ஜினை எப்படித் திருப்பிப் பார்ப்பது? அதிலும் நம் நாட்டில் கார் கிடைப்பதே ஒரு காலத்தில் பாக்கியம். அம்பாஸடர், பியட், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு: இந்த மூன்றில் ஒன்றுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், வந்த காரில் கதவு சரியாக மூடவில்லை என்று குறை சொல்வார்களா? கார் வந்ததே என்று சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள்.

பின்னால் கம்பெனிகள் பெருகின; வழக்குகளும் பெருகின. தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. 2006-ல் மாருதி கார் வாங்கிய ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதச் சீட்டில் கெட்ட பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் எழுதியிருக்கிறது, ஆகவே முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று கூறி, 50,000 ரூபாய் மட்டும் கொடுக்கச் சொன்னது. 2021-ல் கோவா வழக்கு ஒன்று. 2009-ல் செய்த டாட்டா காரை 2011-ல் புதிதென்று விற்றுவிட்டார்கள். டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று பிராதில் சொல்லவில்லை, நிரூபிக்கவும் இல்லை என்று கம்பெனியை விட்டுவிட்டார்கள். பிராது எழுதும்போது ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

ஆனால் 2022-ல் வேறொரு தீர்ப்பு வந்தது. டெல்லிக்காரர் ஒருவரின் ஹூண்டாய் கிரெட்டா விபத்துக்குள்ளானபோது, முன்புறத்துக் காற்றுப் பைகள் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்பது போன்ற கணக்குகளைக் கம்பெனி எடுத்துவைத்தது. வேகம், விசை பற்றிய தத்துவங்களைக் கணக்கிட்டு மோதலின் பலத்தை அறியும் பௌதிக நிபுணராகக் கார் வாங்குகிறவர் இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடும், மாற்று வண்டியும் கொடுக்கவேண்டும் என்ற கீழ் உத்தரவு உறுதியாயிற்று. விழித்திருக்க வேண்டியது யார் என்ற கேள்விக்கு இப்படி ஒரு புதுப் பதில் கிடைத்தது.

இது எல்லா இடத்திலும் நடக்கும் போராட்டம்தான். 2012-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஒரு பெண்மணி, ஹோண்டா கம்பெனி சொன்ன மைலேஜைத் தம் கார் தரவில்லை என்று சிறு வழக்கு மன்றத்துக்குப் போனார். பலர் சேர்ந்து நடத்திய பெரிய வழக்கின் சமரசத்தில் ஆளுக்கு நூறு, இருநூறு டாலர் கிடைக்கவிருந்தது. அவர் அதிலிருந்து விலகித் தனியாகப் போனார். அந்த மன்றத்தில் கம்பெனியும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. பிப்ரவரியில் 9,867 டாலர் தீர்ப்பாயிற்று. மே மாதத்தில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. சின்ன மன்றத்தில் சரிசமமாக நிற்கலாம். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது. மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"அப்புறம் மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?"

"நான் என்னத்தைச் சொல்றது? கோர்ட்டே ஒரு என்ஜினீயரிங் காலேஜ் வாத்தியாரை அனுப்பிச்சுது. அவரு என் பக்கத்துல உக்காந்து இதே ரோட்டுல வந்தாரு. இதோ, இந்த வளைவுல நின்னுச்சு பாருங்க." அவர் சொல்லி வாய் மூடவில்லை, என்ஜினிலிருந்து புகை கிளம்பியது. நாங்கள் இறங்கினோம். கீழே கோமுகி அணையின் தண்ணீர் வெயிலில் தகடுபோலக் கிடந்தது.

என்ஜினை மாற்றித் தரவேண்டும், நஷ்டஈடும் தரவேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டுவிட்டதாம். ஆய்வு வேண்டிய வழக்கைக்கூட ஐந்து மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்று சட்டம் சொல்கிறது. இவருக்கு இரண்டு வருஷத்துக்குமேல் ஆயிற்று. கம்பெனி சென்னையில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போயிருக்கிறது. புதிய சட்டப்படி, உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் அப்படிப் போகமுடியும். "அதுவரைக்கும் இந்தத் தண்ணிக் கேன்தான் என் வக்கீல்" என்றார்.

"இவ்வளவு அலைச்சலுக்குப் பதில், வண்டியை விற்றுத் தொலைத்திருக்கலாமே?" என்று கேட்டேன். நம் மாதிரி நடுத்தர வீட்டுக்காரர்கள் அதைத்தானே செய்வோம்? சொத்தைச் சாமானை இன்னொரு தலையில் கட்டிவிட்டு, நிம்மதி என்போம்.

அவர் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்தபடி சற்று யோசித்தார்.

"எங்க தாத்தா ஜாகீர்தார் வீட்டு முன்னாடி தலைத்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பாராம்யா. எதுக்கு நிக்கிறேன்னு கேக்கவும் பயமாம். நான் கோர்ட்டுல நின்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து என் பேரைச் சொல்லிப் பதில் சொன்னாரு. அதை வித்துட முடியுங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேனை வாங்கிக்கொண்டு ஓரத்தில் ஓடிய ஓடையை நோக்கி இறங்கினேன். தண்ணீர் பிடித்துவந்து ஊற்றியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுப் புறப்பட்டது.