மலாயன் பென்சனும் வராத பென்சனும்

தீவுப்பகுதியில் ஒரு காலத்தில் பென்சன் என்றால் மலாயன் பென்சன்தான். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கங்களிலிருந்து ஆங்கிலம் படித்துக் கப்பலேறி, மலாயா றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கராக இருந்து திரும்பியவர்களை ஊர் 'மலாயன் பென்சனியர்' என்றே அழைத்தது. கல்வீடும் மாதாந்தக் காசும் அவர்களுக்கு இருந்தன. பிரித்தானிய அரசு தன் ஊழியனின் சேவையைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. அவன் தீவுக்குத் திரும்பிய பின்பும் பணம் தேடிவந்தது. அதே மலாயாவில் அந்த அரசுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திய தமிழரின் சேவையை யார் எழுதி வைத்தார்கள் என்பதே இங்கு நமது கேள்வி.

1943 யூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். ஒக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். அவ்வரசின் ஆலோசகர்களுள் ஒருவர் கரீம் கனி. இளையான்குடிப் பகுதித் தமிழ் முஸ்லிமான அவர் பர்மாவில் அரசியல் நடத்தியவர்; போருக்குப் பின் சிங்கப்பூரில் பத்திரிகையாளராக இருந்தவர். 1950இல் நாத்ரா வழக்கையொட்டி எழுந்த கலவரத்தின் பின் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். திருவிதாங்கூரின் வக்கம் கிராமத்து அப்துல் காதரையும் நாம் மறந்துவிட முடியாது. மலாயாவுக்குப் பிழைக்கப் போன அவர், 1942இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டார். 1943 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். யாழ்ப்பாண வம்சாவழியினரான ராசம்மா நவரத்தினம் பதினாறு வயதில் தமக்கை பொன்னம்மாவுடன் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இலங்கையரைக் கொண்டு தனியாக ஒரு 'லங்கா' அணியும் திரட்டப்பட்டது. அதை நீர்மூழ்கி மூலம் இலங்கையில் இறக்கும் திட்டம் நடைபெறாமலே போயிற்று.

இவர்களுக்கெல்லாம் பெயர் மிஞ்சியிருக்கிறது. ஆனால் மலாயாவிலிருந்து புதிதாகச் சேர்ந்தோரில் மிகப் பலர் இறப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டு, பாசறைக்குப் போய், போர் முடிந்ததும் அதே மரங்களிடம் திரும்பியவர்கள். அவர்கள் கையில் கடதாசி இல்லை. எஸ்பிளனேட் திடலில் இந்திய தேசிய இராணுவத்துக்காக எழுப்பப்பட்ட நினைவுக்கல்லையே, 1945 செப்டெம்பரில் திரும்பி வந்த பிரித்தானியர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். போஸ் அதற்கு அடிக்கல் நாட்டியது அதே ஆண்டு யூலை 8இல்தான். கல்லுக்கே அந்தக் கதி என்றால் கடதாசியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

இந்தியா சுதந்திரத்தின் வெள்ளிவிழாவையொட்டி 1972இல் தியாகிகளுக்கான மத்திய ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மாதம் 200 ரூபா. ஆண்டு வருமானம் 5,000 ரூபாவுக்கு மேற்படாதவர்களுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு 1980இல் நீக்கப்பட்டது. ஆனால் அடிப்படை நிபந்தனை ஒன்று இருந்தது: பொதுவாக ஆறு மாதச் சிறை, அல்லது தலைமறைவு வாழ்க்கை போன்ற வேறு இன்னல் நிரூபிக்கப்பட வேண்டும். சிறைப் பதிவேடு இல்லையென்றால் உடன் சிறையிருந்தவர்களின் சான்று வேண்டும். காங்கிரஸ் மறியலில் கைதானவனுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். பர்மாக் காட்டில் மலேரியாவோடு கிடந்துவிட்டு, சிறைக்கே போகாமல் தோட்டத்துக்குத் திரும்பியவனுக்கு எப்படிப் பொருந்தும்? அவன் பட்டது இன்னல்தான்; படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மலாயாவிலேயே தங்கிவிட்டவன் காலப்போக்கில் வேறொரு நாட்டின் பிரஜையாகியும் விட்டான்.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. போலி விண்ணப்பங்கள் வந்தது உண்மை. என்றாலும் விண்ணப்பம் தாமதமாக வந்தது என்பதற்காக ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்று 1993இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. குற்றவழக்கில் கேட்பதுபோன்ற கண்டிப்பான ஆதாரத்தைத் தியாகியிடம் கேட்கலாகாது என்று 2001இல் மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. அதற்குள் எத்தனை பேர் மௌத்தாகிப் போயிருப்பார்கள்!

இதே சிக்கலை முன்பே சந்தித்த நாடு அயர்லாந்து. 1916 முதல் 1923 வரையான போராட்டத்தில் ஈடுபட்டோருக்கு 1924இல் ஒரு ஓய்வூதியச் சட்டம் வந்தது. உள்நாட்டுப் போரில் புதிய அரசை எதிர்த்து நின்றோரை அது சேர்க்கவில்லை. அவர்களுக்கு 1934வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரு சட்டங்களின் கீழும் ஏறக்குறைய 82,000 பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது 15,700 பேருக்கு மாத்திரம். வீதியை வெட்டிப் போட்டவன், செய்தி சுமந்தவன், ஆயுதத்தை வைக்கோலுக்குள் ஒளித்தவன் ஆகிய கிராமத்து ஆட்களிடம் இது 'போர்ச் சேவை'தானா என்று கேட்கப்பட்டது. 1916 எழுச்சியிற் சுடப்பட்டுக் காயமடைந்த மார்கரெட் ஸ்கின்னிடர் என்ற ஆசிரியைக்கு, சட்டத்திலுள்ள 'படைவீரர்' என்ற சொல் ஆணையே குறிக்கும் என்று கூறிக் காயத்துக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1938இல்தான் அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

ஆனால் அயர்லாந்து அந்தக் கோப்புகளை எறிந்துவிடவில்லை. 2014 முதல் அவை படிப்படியாக எவரும் பார்க்கும்படி இணையத்தில் திறக்கப்பட்டு வருகின்றன. நிராகரிக்கப்பட்டவர்களின் கோப்புகளும் அங்கே உள்ளன. எந்த இரவில் எந்தப் பாலத்தடியில் யாரோடு நின்றேன் என்று ஒரு விவசாயி சத்தியம் செய்து எழுதிக் கொடுத்ததெல்லாம் இன்று சரித்திர ஆதாரம். பென்சன் மறுக்கப்பட்டவன் தன் ஊரின் வரலாற்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

இடம்பெயர்ந்து, கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றுக்காக வரிசையில் நின்ற நமக்கு, இதன் பெறுமதியை யாரும் விளக்கவேண்டியதில்லை. மலாயாத் தோட்டத்துத் தொண்டர்களில் எத்தனையோ பேர் எந்த அரசிடமும் விண்ணப்பிக்கவே இல்லை. ஆகவே நிராகரிப்புக் கடிதம்கூட அவர்கள் பெயரில் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். ஈப்போவிலும் இராமநாதபுரத்திலும் போய்க் கேட்டால் இன்னும் சிலர் சொல்லக்கூடும்.