வீட்டுக்குள் வந்த பிராணவாயு

திருவரங்கத்தில் 1880இல் பிறந்த மருத்துவர் தி.சே.சௌ. ராஜன், 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். அவர் காலத்து இல்லங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். விறகடுப்புப் புகையில் பல்லாண்டு வெந்த பெண்டிரும், சுருட்டும் பீடியும் விடாத ஆடவரும் முதுமையில் மூச்சிரைத்துத் திண்ணையில் சாய்ந்திருப்பர். அந்நோய்க்கு வீட்டில் ஓய்வன்றிப் பெரிதாக ஏதுமில்லை. 1774இலேயே ஜோசப் பிரீஸ்ட்லி பிராணவாயுவைப் பிரித்துக் காட்டிவிட்டார். எனினும், அதை வீட்டில் நாள்தோறும் அளித்தால் ஆயுள் நீளுமா என்னும் வினாவுக்கு விடை கிடைக்க இருநூறு ஆண்டுகள் கழிந்தன.

1980இல் அமெரிக்காவில் 203 நோயாளரை ஆராய்ந்தனர். நாள் முழுதும் பிராணவாயு பெற்றோரைவிட இரவில் மட்டும் பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழ இரு மடங்கு. 1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் நாளொன்றுக்கு 15 மணிநேரம் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளுக்குள் 19 பேர் மாண்டனர். பெறாத 45 பேரில் 30 பேர். இன்று மருத்துவர் விதிக்கும் பதினைந்து மணிக் கணக்கின் வேர் இதுவே. குருதியில் பிராணவாயு மிகக் குன்றியோருக்கே இது பொருந்தும். ஓரளவு குன்றியோருக்கு ஆயுள் நீளவில்லை என்பதை 738 பேரிடம் நிகழ்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

2021இன் கொரோனா இரண்டாம் அலையில் தமிழகம் முழுதும் அறிந்த செறிவூட்டி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சியோலைட்டில் பிடித்து நிறுத்திப் பிராணவாயுவைத் தருகிறது. சிக்கல் மின்சாரத்தில் உள்ளது. 350 வாட் கருவி நாளுக்கு 15 மணிநேரம் ஓடினால் இரு மாதங்களில் 315 யூனிட் ஆகும். தமிழக வீடுகளுக்கு 2016இல் அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரமோ 100 யூனிட். மின்தடைக்கென உருளை ஒன்றும் அருகில் வேண்டும். அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் ஆலை 1965 முதல் திருவெறும்பூரில் இயங்குகிறது. அவ்வூரின் அண்டை வீடுகளிலும் ஒருவரது மூச்சு மின்கட்டணத்தில் தொங்கக்கூடும்.

பூசையறை விளக்கும் கற்பூரமும் இக்கருவிக்கு எட்ட இருத்தல் வேண்டும்; பிராணவாயு தீயை வளர்க்கும். எனினும் நோயாளியைத் தெய்வத்திடமிருந்து அது பிரிப்பதில்லை. உறக்கத்தையும் சேர்த்தே பதினைந்து மணி. எஞ்சும் ஒன்பதில், மருத்துவர் இசைந்தால், அரங்கனைச் சேவித்து வரலாம். கட்டணத்துக்கு அஞ்சி அந்தப் பதினைந்தை எட்டாகவும் ஆறாகவும் சுருக்கும் வீடுகளுக்கு, நாற்பதாண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்த உண்மை இன்னும் வந்து சேரவில்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.