நறும்பிழியும் மடத்துப் பீரும்

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் நிற்கும் கெக் லோக் சீ என்னும் சீனப் பௌத்த மடாலயம் 1890களில் கட்டத் தொடங்கப்பெற்றது. அதன் ஏழுநிலைக் கோபுரம் 1930இல் முற்றுப்பெற்றது. பௌத்தர் மேற்கொள்ளும் ஐந்து சீலங்களுள் இறுதியானது கள்ளுண்ணாமை. பாலி மொழியில் அச்சீலம் 'சுரா', 'மேரயம்' என இரண்டனையும் பெயர் சுட்டி விலக்கும். மாவாலும் சோற்றாலும் ஆக்குவது சுரா. பூ, கனி, தேன் முதலியவற்றைப் புளிக்கவைத்துப் பெறுவது மேரயம். சுராவையே ஐவகையாகப் பகுத்துரைப்பர் பழைய உரைகாரர். விலக்குதற்பொருட்டே எனினும், கீழைத் துறவியர் மதுவின் வகைகளை நுணுகி அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

மேலைநாட்டு மடங்களின் கதை வேறு. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்டு வகுத்த ஒழுங்கு, துறவிக்கு நாள்தோறும் ஓரளவு திராட்சை மதுவை இசைந்தது. கையால் உழைத்து உண்ணுமாறும் பணித்தது. கொடிமுந்திரி செழிக்காத வடபுலத்தில் அம்மதுவின் இடத்தைப் பீர் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் வரையப்பெற்ற செயின்ட் கால் மட வரைபடத்தில், துறவியர்க்கும் விருந்தினர்க்கும் ஏழை வழிப்போக்கர்க்கும் பீர் காய்ச்சும் கூடங்கள் தனித்தனியே குறிக்கப்பெற்றுள்ளன. பீர் அங்கே களியாட்டப் பொருளன்று. அப்பத்தோடு வைத்து எண்ணப்பட்ட உணவு.

இன்று பெயர்பெற்ற திராப்பிஸ்டு மடத்துப் பீர்கள் அத்துணைப் பழையன அல்ல. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்கள் பல அழிந்தன. பின்னர், பெல்ஜியத்தில் வெஸ்ட்மால் மடம் 1836இலும் ஷிமே மடம் 1862இலும் ஆர்வால் மடம் 1931இலும் வடிக்கத் தொடங்கின. அன்பர்கள் தம் இல்லங்களில் இவற்றைக் கிண்ணம் கிண்ணமாக வரிசைப்படுத்தி, நிறமும் மணமும் கைப்பும் ஒப்புநோக்கி மகிழ்வர்.

அவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்க ஒன்று நம் பத்துப்பாட்டில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறும் விருந்து கூறப்படுகிறது. அவ்விடத்துப் புலவர் மது ஆக்கும் முறையை ஏழே அடிகளில் சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயுடைய தட்டுப் பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றினுள் காணும் குரும்பி போன்ற அடையை அதனோடு கலக்கின்றனர். அது முளையை இடித்துச் சேர்ப்பது என்பது உரை. இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அது கிடைக்கிறது.

வெஸ்ட்மால் துறவி செய்வது யாது? வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தி நொறுக்குகிறார். வெந்நீரில் கரைத்து வடிக்கிறார். ஹாப்ஸ் பூவிட்டுக் காய்ச்சி ஆற்றிய பின் நுரைமம் சேர்த்துப் புளிக்கவிடுகிறார். தானியத்தின் மாச்சத்தை இனிப்பாக்குவது முளையின் ஆற்றல். இரண்டிடத்தும் அடிப்படை அதுவே. ஹாப்ஸ் பூவின் கைப்பும், அது தரும் நீண்டநாட் காப்பும் மட்டும் வலைஞரிடம் இல்லை. மலாய்க்காரர் சோற்றில் 'ராகி' என்னும் மாவடையைத் தூவி இரண்டு மூன்று நாள் மூடிவைத்து 'தாப்பாய்' ஆக்குவதும் இதற்கு நெருங்கிய உறவினதே.

சொற்களையும் நோக்குக. பிழிவது பிழி. அரித்தெடுப்பது அரியல். தெளிந்து தேறியது தேறல். இவை வெறும் மாற்றுப்பெயர்கள் அல்ல; தொழிலின் படிகளைத் தம்முள் அடக்கியவை. பாளையிலிருந்து தானே சொட்டும் கள்ளை யாரும் பிழிய வேண்டுவதில்லை! அதே ஆற்றுப்படையில், இல்லில் ஆக்கிய 'தோப்பி' என்னும் நெற்கள்ளும் வருகிறது. சுவையொப்பீடும் புலவர்க்குப் புதிதன்று: நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிட்டார் ஔவையார், பாம்பின் சீற்றத்திற்கு ஒப்பிட்டது சிறுபாணாற்றுப்படை.

இத்தொழில் தமிழகத்தில் ஏட்டோடு நின்றமைக்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று, அது மனைத்தொழிலாக இருந்தமை. மேலை மடத்திற்கு மதிலும் கணக்கேடும் வழிவழி மாணாக்கரும் இருந்தனர்; ஒருவர் கற்றதை அடுத்தவர் எழுதிவைத்தார். வலைஞர் மனைச் சாடிக்கு ஏடு ஏது? எழுதத் தெரிந்த நம் துறவியரோ மதுவை விலக்கினர். வள்ளுவர் 93ஆம் அதிகாரத்தை அதற்கென்றே வகுத்தார். மணிமேகலையில், கலம் உடைந்து நாகர் மலை சேர்ந்த சாதுவன் தலைவன் அளித்த கள்ளையும் ஊனையும் ஏற்க மறுக்கிறான். ஆயினும், அவையின்றி வாழவியலாது என்று அத்தலைவன் சொன்னபோது, கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதிருக்கவும், மூத்து இறக்கும் விலங்கன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்கவுமே அறிவுறுத்துகிறான். கள்ளைப் பற்றி வற்புறுத்தவில்லை. சாத்தனாரின் இந்நயம் தனியே ஆராயத்தக்கது.

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை குடும்பங்களைச் சீரழித்த வரலாறு நம்மவர்க்குத் தெரியும். 'கள்' என்றதும் தென்னங்கள்ளே நினைவுக்கு வருதல் அதனால்தான். வகுப்பில் இப்பகுதி வரும்போது 'ஒருவகைக் கள்' என்று கூறிக் கூச்சத்தோடு கடந்துவிடும் வழக்கமும் அதன் விளைவே. குடியைப் பழிப்பது ஒன்று. பாட்டின் பொருளை மறைப்பது மற்றொன்று. பிழா, குரும்பி, அடை, சாடி ஆகிய நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, தாப்பாய் உண்டறிந்த மாணவரிடம் ஒரு வினாவை எழுப்பினால், அந்த ஏழடியும் அவர்க்கு விளங்கிவிடும்.