கேட்கப்படாத இசை: வீடியோ விளையாட்டுக்களிற் சூழலிசையின் வளர்ச்சி

அரங்கிசையைக் கேட்போர் அதனைக் கேட்பதற்கென்றே அமர்ந்திருப்பர். திரைப்படப் பின்னணியிசை காட்சிக்குத் துணைநிற்பதாயினும், அக்காட்சியின் கால அளவு முன்னரே வரையறுக்கப்பட்டதாகும். வீடியோ விளையாட்டின் பின்னணியிசைக்கு இவ்விரு வசதிகளும் இல்லை. ஆடுபவரின் கண்ணும் கையும் வேறொரு செயலில் ஈடுபட்டிருக்கும். அவர் ஓரிடத்தில் ஒரு நிமிடம் தங்குவாரா, ஒரு மணிநேரம் அலைவாரா என்பதை இசையமைப்பாளர் அறியார். இந்நிலையில் இசை ஆற்றவேண்டிய பணி யாது என்னும் வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே சூழலிசையின் வரலாறாக அமைகின்றன. அவ்வரலாற்றைப் பொறிகளின் ஆற்றல் வளர்ந்த கதையாகக் கூறுவது எளிது. ஆயின், எதனை ஒலிக்காது விடுவது என்னும் தெரிவே அதன் போக்கைப் பெரிதும் நிர்ணயித்தது எனலாம்.

கவனத்தைக் கோராத இசை என்னும் கருத்து கணனிக்கு முற்பட்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1917 இல் ‘தளபாட இசை’ என்னும் தொடரை வழங்கினார். நாற்காலியும் மேசையும்போல இசையும் அறையில் இருக்க வேண்டுமென்பது அவரது கருத்து. 1920 இல் பாரிசில் அது இசைக்கப்பட்டபோது, பேச வேண்டியவர்கள் மௌனமாகிக் கேட்கத் தொடங்கினர் என்பர். 1978 இல் பிரித்தானியரான பிரையன் ஈனோ, விமான நிலையங்களுக்கான தமது இசைத்தொகுப்பின் வழியே ‘அம்பியன்ற்’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். செவிகொடுப்போருக்குச் சுவையாகவும், பிறருக்குத் தடையின்றியும் இசை அமைதல் வேண்டும் என்பது அவரது கொள்கை.

அதே 1978 இல் யப்பானின் ரைற்றோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை வெளியிட்டது. தொமொஹிரோ நிஷிகாதோ ஆக்கிய இவ்விளையாட்டில் நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலித்தன. பகைவர் தொகை குறையக் குறைய அவற்றின் வேகம் கூடியது. ஆடுபவரின் பதற்றமும் உடன் கூடியது. ஆட்டத்தின் நிலைக்கேற்ப இசை மாறலாம் என்பதற்கு இது தொடக்கச் சான்றாகும்.

1983 இல் வெளிவந்த நின்டெண்டோவின் ‘பமிகொம்’ பொறி ஐந்து ஒலிவழிகளையே கொண்டிருந்தது. 1985 இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்று அளவினுள் அடங்கியது. இத்தகைய நெருக்கடியில் குறுகிய இசைப்பகுதியை மீள மீள ஒலிக்கச் செய்வதன்றி வேறு வழி அரிது. கோஜி கொண்டோ துள்ளலான மெட்டினால் அம்மீட்சியை இனிமையாக்கினார்.

அடுத்த ஆண்டில், அதே நிறுவனத்தில், இதற்கு நேர்மாறான விடை எழுந்தது. 1986 இல் வெளிவந்த ‘மெட்ரொயிட்’ ஓர் அந்நியக் கோளின் நிலவறைகளில் தனித்து அலையும் விளையாட்டு. அதன் இசையமைப்பாளர் ஹிரோகாசு தனாகா, அக்கால விளையாட்டுக்களின் உல்லாச மெட்டுக்கள் எல்லாச் சூழலுக்கும் பொருந்தா எனக் கருதினார். இசைக்கும் ஒலிக்குறிப்புக்கும் வேறுபாடு தோன்றாது, அந்நிலவறையே உயிருடன் ஒலிப்பதாக ஆடுபவர் உணரவேண்டுமென விரும்பினார். முணுமுணுக்கத்தக்க மெட்டினை வெற்றியின் பின்னரே வழங்குவது அவரது திட்டம். தொடக்கப் பகுதியில் துடிப்பான இசை உண்டெனினும், பிறவிடங்களில் வரண்ட சில சுரங்களே தனிமையை உணர்த்தின.

பொறிகளின் ஆற்றல் பெருகியபோதும் இத்தெரிவு மறையவில்லை. 1991 இல் மைக்கேல் லாண்டும் பீற்றர் மக்கொனெலும் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய ‘ஐமியூஸ்’ முறை, ஆடுபவர் இடம் மாறும்போது இசையை அறுபடாது மாற்ற வழிசெய்தது. 1999 இல் வந்த ‘சைலன்ற் ஹில்’ இறுவட்டில் அமைந்தது. முழு வாத்தியக்குழுவின் பதிவையும் அது தாங்கவல்லது. ஆயினும் அகிர யமாஒகா உலோக உராய்வையும் இயந்திர இரைச்சலையும் பல இடங்களிற் பயன்படுத்தினார். மூடுபனி சூழ்ந்த நகரில் கேட்பது இசையா, அவ்விடத்தின் ஓசையா என்ற ஐயமே அச்சத்தை வளர்த்தது.

2011 இல் முழுமையாக வெளிவந்த ‘மைன்கிராவ்ற்’ இப்போக்கின் மற்றோர் எல்லையாகும். ஜெர்மனியரான டானியேல் ரோசன்பெல்ட் அமைத்த மெல்லிய இசை அதில் இடையறாது ஒலிப்பதில்லை. நீண்ட மௌனத்தின் பின் எதிர்பாராத வேளையில் எழுந்து அடங்கும். மீட்சியின் சலிப்புக்கு மௌனமே இங்கு மருந்தாயிற்று.

பிறிதொன்றுக்குத் துணையாகும் இசை தனிக் கலையாகுமா என வினவுவோர் உளர். ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தனது தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2023 இல் மாரியோ இசையையும், 2025 இல் மைன்கிராவ்ற் இசைத்தொகுப்பையும் சேர்த்தமை அவ்வினாவுக்கு ஒரு விடையாகும். எனினும் மற்றொரு வினா எஞ்சுகின்றது. இசைத்தட்டு இசைப்பகுதிகளைக் காக்கும். அவற்றினிடையே நிலவிய மௌனத்தையோ, ஆடுபவரின் அசைவுக்கேற்ப அவை மாறிய முறையையோ காக்கமாட்டாது. இவ்விசையின் மூலம் சுரத்தாளுமன்று, ஒலிநாடாவுமன்று. இயங்கும் பொறியும் அதன் நிரலும் ஆடும் மனிதருமே. பழைய பொறிகள் பழுதடையுந்தோறும் அம்மூலமும் சிதைகின்றது. ஆகவே, இசை வரலாற்றாசிரியர் சுவடி காப்பதுபோல் இயங்கும் விளையாட்டையும் காத்தல் வேண்டும். அன்றேல், பின்வருவோர் மெட்டுக்களை அறிவர். அவை எழுந்த சூழலை அறியார்.