தேர்வுக் கதவும் கடைக் கதவும்: அமெச்சூர் வானொலி, சி.பி. வானொலி ஆகியவற்றின் நுழைவு வரலாறு

முன்னுரை

வானொலியைக் கேட்பதோடு நில்லாமல், தாமே அலைபரப்பிப் பேச விரும்பும் ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு. அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்று நுழைவது அமெச்சூர் வானொலி. ‘ஹாம்’ என்பது அதன் புழக்கப் பெயர். கடையில் கருவியை வாங்கிய அன்றே பேசத் தொடங்கிவிடலாம் என்பது சி.பி. எனப்படும் குடிமக்கள் வானொலி. முன்னதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பின்னது 1970களில் அமெரிக்காவையே ஆட்டிவைத்து, பத்தாண்டுகளுக்குள் அடங்கிப்போனது.

தேர்வு வைத்ததால் ஹாம் நிலைத்தது, வைக்காததால் சி.பி. சீரழிந்தது என்பது ஹாம்களிடையே பலகாலமாக வழங்கிவரும் விளக்கம். இவ்விரு நுழைவாயில்களும் அமெரிக்காவில் எவ்வாறு உருவாயின என்பதைக் காலவரிசையில் நோக்கினால் இந்த விளக்கம் முழுமையற்றது என்பது தெரியவரும். வாசலில் என்ன கேட்டார்கள் என்பதைவிட, உள்ளே வந்தவரை என்ன செய்யவிட்டார்கள் என்பதே இரண்டின் போக்கையும் தீர்மானித்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. 1912: முதல் வேலி

மார்க்கோனி 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை பெற்றதாக அறிவித்த சில ஆண்டுகளிலேயே கம்பியில்லாத் தந்தி இளைஞர்களின் கைக்கு வந்துவிட்டது. நியூயார்க்கில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1905-இல் ‘டெலிம்கோ’ என்ற சிறிய கருவித் தொகுப்பை விற்கத் தொடங்கினார். தீப்பொறி அலைபரப்பியும் உயரக் கட்டிய கம்பியும் இருந்தால் யாரும் அலைபரப்பலாம். தடுக்கச் சட்டம் இல்லை; அழைப்புக்குறியைக்கூட அவரவரே வைத்துக்கொண்டனர்.

அக்காலத் தீப்பொறிக் கருவி ஓர் அலைநீளத்தில் அடங்காமல் அக்கம்பக்கத்து அலைகள் மீதெல்லாம் இரைச்சலைக் கொட்டியது. கடற்படையும் வணிக நிலையங்களும் இளைஞர்கள் மீது புகார்களை அடுக்கின. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபின் கடல்வழித் தகவல்தொடர்பை ஒழுங்குபடுத்தும் கோரிக்கை வலுத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்க வானொலிச் சட்டம் கையெழுத்தானது. அமெச்சூர்களுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளம், ஒரு கிலோவாட்டுக்கு மேற்படாத திறன் என்ற வரம்புகளும் விதிக்கப்பட்டன.

அலை நீளமாக இருந்தால்தான் நெடுந்தொலைவு செல்லும் என்பது அன்றைய பொறியியல் நம்பிக்கை. எனவே 200 மீட்டருக்குக் கீழே ஒதுக்கியது ஏறத்தாழ நாடுகடத்தல்தான். பயனற்றது எனக் கருதப்பட்ட இடமே அமெச்சூர்களுக்குத் தரப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் அவர்கள் எதைக் கட்டலாம், எப்படிச் சோதிக்கலாம் என்பதில் சட்டம் பெரிதாகத் தலையிடவில்லை. பின்னால் விளைந்ததற்கெல்லாம் வேர் இந்த விடுதலையில் இருந்தது.

2. ஒதுக்குப்புறம் தந்த கண்டுபிடிப்பு

ஒரு நிலையத்தின் எட்டும் தூரம் சிறிதாக இருந்ததால், செய்தியை ஒருவர் வாங்கி அடுத்தவருக்குக் கடத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹிராம் பெர்சி மேக்சிம் 1914-இல் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தைத் தொடங்கியது இதற்காகவே. இயந்திரத் துப்பாக்கியை வடிவமைத்த ஹிராம் மேக்சிமின் மகன் இவர். 1915 டிசம்பரில் இக்கழகத்தின் ‘கியூ.எஸ்.டி.’ இதழ் வெளிவந்தது. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெச்சூர் நிலையங்கள் மூடப்பட்டன. 1919-இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

அதன்பின் வெற்றிடக் குழாய் தீப்பொறிக் கருவியை ஓரங்கட்டியது. 1921 டிசம்பரில் அமெச்சூர்களின் சிற்றலைச் சமிக்ஞை அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று சோதிக்க பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனுக்கு அனுப்பப்பட்டார். கடற்கரைக் கூடாரத்தில் இருந்தபடி, கனெக்டிகட்டின் கிரீனிச்சில் இருந்து ஒலித்த ‘1பிசிஜி’ நிலையத்தின் செய்தியை அவர் எழுதிக்கொண்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலும் ஏறக்குறைய 100 மீட்டர் அலையில் இருவழி உரையாடலை நடத்திக் காட்டினர். மறு ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல், லண்டன் மில்ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டருடன் தொடர்புகொண்டார். பூமியின் ஏறத்தாழ மறுபக்கத்தை எட்டிய தொடர்பு அது.

மேலே அயனிமண்டலம் அலையைத் திருப்பி அனுப்புவதால், சிற்றலையில் குறைந்த திறனிலேயே நெடுந்தொலைவு எட்டலாம் என்பது இவற்றால் உறுதிப்பட்டது. உடனே வணிக நிறுவனங்களும் அரசுகளும் அதே சிற்றலைகளுக்குப் போட்டியிட்டன. 1925-இல் பாரிசில் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் அமைந்தது இந்த நெருக்கடியின் பின்னணியில்தான். 1927 வாஷிங்டன் மாநாடு பன்னாட்டு அளவில் அமெச்சூர்களுக்கெனத் தனி அலைவரிசைகளை ஒதுக்கியது. உரிமம் பெற்றவர்கள் என்பதற்காக மட்டும் இந்த இடம் கிடைத்துவிடவில்லை. பயனற்றது எனத் தள்ளியதைப் பயனுள்ளதாக்கிக் காட்டியதால் கிடைத்தது.

3. 1958: தேர்வில்லா வாசல்

தொழில்நுட்பம் அறியாத பொதுமக்களுக்கும் வானொலித் தொடர்பு வேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் உலகப்போரின் முடிவில் பிறந்தது. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1945-இல் 460 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குடிமக்கள் வானொலிச் சேவையை முன்மொழிந்தது. கையடக்க வானொலியின் முன்னோடியான ஆல் கிராஸ் அதற்கேற்ற கருவியை உருவாக்கி 1948-இல் ஒப்புதல் பெற்றார். ஆனால் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் கருவி விலை கூடியது, எட்டும் தூரம் குறைந்தது, சேவை பரவவில்லை.

தீர்வு 1958 செப்டம்பர் 11 அன்று வந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 தடங்கள் கொண்ட ‘டி’ வகுப்புச் சேவை தொடங்கப்பட்டது. அமெரிக்க அமெச்சூர்கள் அதுவரை பயன்படுத்திய 11 மீட்டர் அலைவரிசையே இதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. மருத்துவ வெப்பச் சிகிச்சைக் கருவிகளும் அதே பகுதியில் இயங்கியதால் இரைச்சல் மிகுந்த இடம் அது. 1912-இல் அமெச்சூர்களுக்கு நேர்ந்ததைப் போலவே, இம்முறை பொதுமக்களுக்குக் கிடைத்ததும் யாரும் பெரிதாக விரும்பாத பகுதிதான்.

ஒற்றுமை அத்தோடு முடிகிறது. 18 வயது நிறைந்தவர் விண்ணப்பம் அனுப்பினால் போதும், தேர்வு இல்லை. ஆனால் அலைபரப்பியைத் தாமே மாற்றியமைக்கக் கூடாது. திறன் 5 வாட். 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு பேசக்கூடாது. உரையாடல் சொந்த வேலைக்காகவோ தொழிலுக்காகவோ சுருக்கமாக இருக்கவேண்டும். பொழுதுபோக்குக்காகப் பேசுவது விதிமீறல். சுருங்கச் சொன்னால், ஆணையத்தின் கண்ணில் சி.பி. ஒரு பொழுதுபோக்கே அல்ல. அது விவசாயிக்கும் சிறு வணிகருக்குமான வேலைக்கருவி.

இயற்கை இந்தத் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலையும் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும். பதிவான சூரியச் சுழற்சிகளிலேயே உச்சமானது 1957–58-இல் நிகழ்ந்தது. அண்டை ஊருக்கென்று தேர்ந்த அலைவரிசை, பிறந்தபோதே கண்டத்தைக் கடக்க வல்லதாக இருந்தது. தொலைதூரக் குரல் காதில் விழும்போது பதில் சொல்லாதே என்று சட்டம் சொன்னது. பலரும் பதில் சொன்னார்கள். அமெச்சூர் உலகில் பாராட்டி அட்டை அனுப்பும் அதே செயல் சி.பி. உலகில் குற்றமானது.

4. நெடுஞ்சாலையின் குரல்

1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. டீசல் தட்டுப்பாட்டோடு, நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைக்கும் சட்டமும் 1974 ஜனவரியில் கையெழுத்தானது. மைல் கணக்கில் கூலி வாங்கும் லாரி ஓட்டுநருக்கு வேகக்குறைப்பு என்பது வருமானக் குறைப்பு. எந்த நிலையத்தில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் வேகமானியோடு நிற்கிறது என்ற தகவல்கள் சி.பி. வழியே ஓடின. 1973 டிசம்பரில் சாலைகளை மறித்து நடந்த போராட்டங்களை ஒருங்கிணைக்கவும் அதுவே உதவியது. 19-ஆம் தடம் லாரிக்காரர்களின் பொதுச் சாவடியாயிற்று. 9-ஆம் தடம் அவசர உதவிக்கென ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது.

அழைப்புக்குறியைச் சொன்னால் அபராதம் தேடிவரலாம் என்பதால் ஓட்டுநர்கள் ‘ஹேண்டில்’ எனப்படும் பட்டப்பெயரில் பேசினர். போலீஸ் வானொலியின் ‘டென்-ஃபோர்’ போன்ற குறிகளோடு அவர்களுக்கே உரிய கொச்சைமொழி கலந்தது. சி.டபிள்யூ. மெக்கால் பாடிய ‘கான்வாய்’ பாடல் 1976 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்’ திரைப்படம் 1977-இல் வந்தது. குடியரசுத்தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற பட்டப்பெயரில் பேசினார். 20 டாலராக இருந்த உரிமக் கட்டணம் 1975 மார்ச்சில் 4 டாலராகக் குறைந்தது. விண்ணப்பங்கள் குவிய, 1977 ஜனவரி 1 முதல் தடங்கள் 40 ஆக்கப்பட்டன.

பெருக்கமே பிறகு சுமையானது. 40 தடக் கருவி வந்ததும் 23 தடக் கருவிகள் விலைபோகாமல் தேங்கின. 1979–80 வாக்கில் சூரியச் செயற்பாடு மீண்டும் உச்சமடைய, தொலைதூரக் குரல்கள் உள்ளூர்ப் பேச்சின் மேல் விழுந்தன. சட்டத்தை நடைமுறைப்படுத்த இயலாத ஆணையம் 1983-இல் உரிமத்தையே நீக்கிவிட்டது. தேர்வின்மை இந்தச் சரிவுக்கு ஒரு காரணமே. கற்க விரும்பியவர் ஏறுவதற்கு அடுத்த படி அந்தச் சேவைக்குள் இல்லை என்பது அதைவிட முக்கியமான காரணம். கருவியைத் திறக்கக்கூடாது, தூரம் தேடக்கூடாது, பொழுதுபோக்காகப் பேசக்கூடாது என்றிருந்த சேவையில் புதுமை மங்கியபின் தங்குவதற்குக் காரணம் இருக்கவில்லை. ஆர்வம் அடங்காத சி.பி.க்காரர் பலர் அமெச்சூர் தேர்வை நோக்கி நகர்ந்தனர்.

5. தேர்வுக் கதவு அகன்ற விதம்

இதே காலத்தில் அமெச்சூர் வாசலும் படிப்படியாக அகலமாயிற்று. 1951-இல் அமெரிக்கா ‘நோவிஸ்’ என்ற தொடக்கநிலை உரிமத்தைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் மோர்ஸ், எளிய எழுத்துத் தேர்வு, ஓராண்டு காலம்; அதற்குள் மேல்நிலைக்கு ஏறவேண்டும். 1980களில் தேர்வு நடத்தும் பொறுப்பு தன்னார்வ அமெச்சூர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. 1991-இல் மோர்ஸ் இல்லாத ‘டெக்னீஷியன்’ உரிமம் வந்தது. 30 மெகாஹெர்ட்சுக்குக் கீழே இயங்க மோர்ஸ் கட்டாயம் என்ற பன்னாட்டு விதியை 2003 ஜெனிவா மாநாடு தளர்த்தியது. 2007 பிப்ரவரியில் அமெரிக்கா மோர்ஸ் தேர்வை முற்றிலும் கைவிட்டது.

தேர்வு எளிதானால் ஹாம் உலகமும் சி.பி. ஆகிவிடும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் மூத்தோர் அஞ்சினர். அப்படி நேரவில்லை. கட்டவும் சோதிக்கவும் இருந்த உரிமை இடையில் சுருங்கவே இல்லை என்பதே காரணம். அந்த உரிமைக்கு ஒரு சான்று: 1961 டிசம்பர் 12 அன்று விண்ணுக்குச் சென்ற ‘ஆஸ்கர் 1’ அமெச்சூர்கள் தாமே கட்டிய செயற்கைக்கோள்.

6. இந்தியாவில் இரு கதவுகள்

இந்தியாவிலும் தொடக்கம் அமெச்சூர்களுடையதே. கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து 1921-இல் இயங்கிய முன்னோடி. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றபோது கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இல் வருவதற்கு முன்பே நகரத்துக்கு வானொலியைப் பழக்கியவர்கள் ஆர்வலர்களே.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேர் சென்றிருந்த ஹாம் குழு, ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசி அறுந்தபோது அந்தமானுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்தி கடத்தியது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அமெச்சூர்களுக்கான ‘ஹாம்சாட்’ ஏவப்பட்டது. அதே ஆண்டில் சி.பி.க்குரிய 26.957–27.283 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு உரிமத் தேவை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு எடுத்த பயணத்தின் முடிவு இங்கே ஓர் அறிவிக்கையில் வந்துவிட்டது. ஆனால் அப்போது கைப்பேசி பரவத் தொடங்கியிருந்ததால் நெடுஞ்சாலையில் சி.பி.க்குத் தேவை எழவில்லை.

முடிவுரை

அமெரிக்க வரலாறு தரும் தீர்ப்பு இது: தேர்வு ஆர்வலரை உருவாக்குவதில்லை; தேர்வின்மை அவரைக் கெடுப்பதுமில்லை. திறந்து பார்க்கவும் தவறு செய்து கற்கவும் இடம் தந்த சேவை நிலைத்தது. பேச மட்டும் இடம் தந்த சேவை பேச்சு சலித்ததும் ஓய்ந்தது. அதேவேளை, தொழில்நுட்பம் படிக்காத உழைப்பாளிக்கும் அலைவெளியில் பங்கு உண்டு என்பதை நிலைநாட்டியது சி.பி. தான். அந்தப் பெருமையை ஹாம் வரலாறு மறைக்கக்கூடாது.

இந்தியாவில் 12 வயது நிறைந்த எவரும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வு எழுதலாம். தொடக்கநிலையான கட்டுப்படுத்தப்பட்ட தர உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். நம் பள்ளிகளும் பொறியியல் கல்லூரிகளும் ஆளுக்கொரு ஹாம் நிலையம் அமைத்து, மாணவர்களை இத்தேர்வுக்கு அனுப்பவேண்டும்.