ஆணி அறையாத படகுகள்

கார்த்திகை மழையில் நனைந்தவாறு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாய்க் கட்டப்பட்டிருக்கும் விசைப்படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் கண்ணுக்கினிய காட்சியே. ஆயினும், அவற்றுக்குப் புகலிடம் தரும் அலைதடுப்புச் சுவர்கள் இல்லாத நாள்களில் இக்கரையில் எத்தகைய கலங்கள் ஓடின என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஆங்கிலேயர் இங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கிய 1640 முதல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. அங்கிருந்து பயணிகளையும் சரக்கையும் பேரலைகளுக்கு ஊடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த அவற்றில் ஓர் ஆணியும் இராது. ஆணி அறைந்த ஐரோப்பியப் படகுகள் அலையின் மோதலில் தரைதட்டிப் பிளந்துபோயின. தைத்த படகோ வளைந்துகொடுத்துத் தப்பியது. கட்டுமரங்கள் அவற்றுக்குத் துணை சென்றன. படகு கவிழ்ந்தால் நீரில் வீழ்ந்தோரை மீட்டவர்கள் கட்டுமரக்காரர்களே. கப்பல்களுக்குரிய கடிதங்களைத் தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுசென்றவர்களும் அவர்களே.

இப்படகோட்டிகளுள் கத்தோலிக்கர் பலர். தங்கள் உழைப்பின் ஊதியத்திலிருந்து சேர்த்த நிதியைக்கொண்டு அவர்கள் 1829இல் எழுப்பியதே இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். மீனவராயிருந்த திருத்தூதரைக் கடலோடிகள் தம் பாதுகாவலராகக் கொண்டது இயல்பே. இன்று நாம் பேதுரு என்று வழங்கும் அவரை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். அவர் பெயரே ஊருக்கும் ஆயிற்று என்பர்.

1870களில் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தும், மீண்டும் கட்டி முடித்தனர். கப்பல்கள் சுவர்களுக்குள் வந்து நின்றபின் மசூலாப் படகுக்கு வேலையில்லாது போயிற்று. இழப்பு அத்துடன் நிற்கவில்லை. இக்கடலின் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலை வடக்கு நோக்கியே கொண்டுசெல்லும். துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்தின்றிக் கரை கரைந்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை வீடுகளையும் தெருக்களையும் கடல் கொண்டது. இன்று அங்கே மணற்கரைக்கு மாறாகக் கருங்கல் தடுப்புகளையே மிகுதியாய்க் காண்கிறோம்.

துறைமுகத்தால் நாடு பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால், மெரினாவில் காற்று வாங்கும் நாம், அம்மணல் யார் வாசலுக்குச் சேரவேண்டியது என்பதையும் அறிந்திருத்தல் நீதி. துறைமுகமில்லா நகரை இரு நூற்றாண்டுகள் தோளில் சுமந்தவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் அரிதாகவே காணக்கிடைக்கின்றன. அவர்கள் எழுப்பிய ஆலயம் இன்றும் நிற்கிறது. நம் மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்களை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று, இது படகோட்டிகள் கட்டிய கோயில் என்று சொல்லிக் கொடுப்போம்.