நாக்கு நார்க்கட்டி: லேசர் சிகிச்சை

நாக்கு நார்க்கட்டி என்பது ஒரே இடம் திரும்பத் திரும்பக் கடிபடுவதாலோ, உடைந்த பல்லின் கூர்முனை உரசுவதாலோ நாக்கில் எழும் தீங்கற்ற சதை மேடு. வழவழப்பாக, கெட்டியாக, சுற்றியுள்ள சதையின் நிறத்திலேயே இருக்கும். பெரும்பாலும் ஒன்றரைச் சென்டிமீட்டரைத் தாண்டாது, வலிக்கவும் வலிக்காது. உள்ளே இருப்பது கொலாஜன் இழைகள் அடர்ந்த தழும்புத் திசு. ஆகவே மருந்தால் கரைவதில்லை. வெட்டி எடுக்க வேண்டும்; அதற்குக் கத்திக்குப் பதில் லேசரையும் பயன்படுத்தலாம்.

தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் வாய்ச் சதை அறுவைக்கு நெடுநாள் துணையாக இருந்து வருகிறது. அதன் 10,600 நானோமீட்டர் ஒளியைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதால் வெட்டு ஆழமாக இறங்காது. இன்று பல் கிளினிக்குகளில் அதிகம் காணப்படுவது கையடக்கமான டயோடு லேசர். 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான அதன் ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபினும் மெலனின் நிறமியும் உறிஞ்சுகின்றன.

சிகிச்சைக்கு முன் மருத்துவர், நோயாளி, உதவியாளர் மூவரும் அந்தந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி அணிவது கட்டாயம். கட்டிக்குள் ஊசி போட்டால் திசு உப்பி உருமாறிவிடும். அதனால் மரத்துப்போகும் மருந்தை அதன் அடியைச் சுற்றியே செலுத்துவார்கள். பிறகு கட்டியில் ஒரு தையல் நூலைக் கோத்து மேலே இழுத்துப் பிடித்து, மெல்லிய ஒளியிழை முனையால் அடியைச் சுற்றி வெட்டுவார்கள். எழும் புகையை உறிஞ்சு குழாய் இழுத்துக்கொள்ளும். நாக்கில் இரத்த ஓட்டம் மிகுதி. கத்தி பட்டால் இரத்தம் பெருகும். லேசர் வெட்டும்போதே சிறு நாளங்களை மூடிவிடுவதால் பல நேரங்களில் தையலே தேவைப்படாது. புண் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். சூடு பட்ட ஓரம் ஆறுவதற்குக் கத்தி வெட்டைவிடச் சற்றுக் கூடுதல் நாள் பிடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

லேசரால் கட்டியை முழுவதுமாக ஆவியாக்கிவிடவும் முடியும். நார்க்கட்டி விஷயத்தில் அது தவறான வழி. எடுத்த சதை ஆய்வகத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆவியாகிப்போன சதையை எந்த நுண்ணோக்கியும் படிக்க முடியாது. ஓரம் கருகினாலும் படிப்பது கடினம் என்பதால் கட்டியை விட்டுச் சற்று விலகி, நல்ல சதையோடு சேர்த்து வெட்டுவதே முறை. ஆய்வு கட்டாயம் என்பதற்குக் காரணம் உண்டு: நாக்கில் நார்க்கட்டி அடிக்கடி வரும் பக்கவாட்டு ஓரம்தான் நாக்குப் புற்றுநோய்க்கும் முதன்மையான இடம். சதையை ஆய்வகத்துக்கு அனுப்பும் விதிக்கு இரத்தநாளக் கட்டி மட்டும் விலக்கு. வெட்டினால் இரத்தம் பெருகுமென்பதால் அதை ஒளியால் சுருங்க வைப்பார்கள்.

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனிலுள்ள லிட்டில் இந்தியாவில் இந்த ஆய்வக விதிக்குக் கூடுதல் எடை உண்டு. 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில் இருக்கும் லெபோ குவீனிலும், பக்கத்து லெபோ பாசாரிலும் வாழும் வணிகச் சமூகத்துக்கு வெற்றிலை பாக்கு மங்கலப் பொருள். வயதானவர்கள் சிலருக்கு அது அன்றாடப் பழக்கமும்கூட. பாக்கு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேராத வெற்றிலை பாக்குக்கும் அது பொருந்தும். 1993–94இல் மலேசியா முழுவதும் 11,697 பேரின் வாயைப் பரிசோதித்த தேசிய ஆய்வில், புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப் புண்களும் திட்டுகளும் இந்தியர்களிடம்தான் மிக அதிகமாக, 4.0 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. சீனர்களிடம் அது 0.5 விழுக்காடு. இந்த இடைவெளியை அறிந்த பல் மருத்துவர், வெற்றிலை போடும் பாட்டியின் நாக்கில் இருப்பதைக் கண்ணால் பார்த்தே நார்க்கட்டி என்று முடிவு கட்டமாட்டார். இரண்டு வாரத்தில் ஆறாத புண், சிவந்த அல்லது வெளுத்த திட்டு, அடியில் கல்போன்ற இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் லேசரை ஒதுக்கிவைத்து, முதலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்; பினாங்குப் பொது மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள வாய், முக அறுவைப் பிரிவுக்கும் அனுப்புவார்.

நார்க்கட்டி என்று உறுதியானால் கவலை இல்லை. அது புற்றுநோயாக மாறுவதில்லை. கூரான பல்லைத் தேய்த்துச் சரிசெய்து, நாக்கைக் கடிக்கும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டால் மீண்டும் வருவதும் அரிது.